வாயு போகும், கல் நிற்கும்

சிராங்கூன் சாலையிலுள்ள ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலை அந்தக் காலத்துச் சிங்கப்பூர்த் தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றே அழைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் அந்த வட்டாரத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்துகொண்டிருந்தன. கம்போங் காப்பூர் சாலையின் பெயரும் அந்தத் தொழில் விட்டுச்சென்ற தடம்தான். காளவாயில் நடப்பது எளிய வேதியியல். பவளமும் கிளிஞ்சலும் கால்சியம் கார்பனேட். ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் 100 கிலோ கால்சியம் கார்பனேட், 44 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விட்டுவிட்டு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக மிஞ்சும். அதைக் குழைத்துச் சுவரில் பூசினால் விட்ட வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்ப வாங்கிக்கொண்டு மீண்டும் கல்லாகும். காளவாய்கள் எப்போதோ மறைந்துவிட்டன. ஆனால் கால்சியம், கார்பனேட், கரியமில வாயு என்ற அந்த மூவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள ஹோட்டல்கள், கடைத்தொகுதிகள், மருத்துவமனைகளின் மொட்டைமாடிகளில் நிற்கும் கூலிங் டவர்களுக்குள் அவர்கள் இன்றும் கூடிப் பிரிந்துகொண்டிருக்கிறார்கள். இந்தக் கோபுரங்களைப் பராமரிப்பவர் நாள்தோறும் பார்க்கும் எண் பிஎச். அந்த எண்ணை ஆட்டிவைப்பது நீரில் கரைந்த கரியமில வாயு. அதைப் பார்க்காமல் பிஎச்-ஐ மட்டும் பார்ப்பவர் விளைவைக் கண்டு காரணத்தை ஊகிக்கிறார் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். சிங்கப்பூரைப் போல, மீட்டெடுத்த நீரைக் கொண்டு தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் ஊருக்கு இந்த வாதம் கூடுதலாகப் பொருந்தும்.

முதலில் கோபுரம் செய்யும் வேலை. கட்டடத்தின் சூட்டை வாங்கிக்கொண்ட நீர் மேலிருந்து சிதறி விழுகிறது. விசிறி காற்றை இழுக்கிறது. நீரில் ஒரு பகுதி ஆவியாகி மீதியைக் குளிர்விக்கிறது. ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில்கூட இது நடக்கிறது. கொஞ்சம் சிரமப்பட்டு நடக்கிறது, அவ்வளவுதான். ஒரு டன் குளிர்பதனத் திறன் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ 6 லிட்டர் நீர் ஆவியாகும். சில ஆயிரம் டன் திறன் கொண்ட கடைத்தொகுதிக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால், சிங்கப்பூரின் நீர்த் தேவையில் பாதிக்கு மேல் வீடுகளுக்கு வெளியே செலவாவது ஏன் என்பது ஓரளவு புரியும். 2020இல் நாட்டின் மின்சாரத்தில் சுமார் 7 விழுக்காட்டை விழுங்கிய தரவு மையங்களின் சூடும் பெரும்பாலும் இதே வழியில்தான் வானத்துக்குப் போகிறது. ஆவி போகும்போது உப்பைக் கூட்டிக்கொண்டு போவதில்லை. தொட்டியில் உப்பு ஏறிக்கொண்டே வரும். ஓர் அளவுக்கு மேல் போனால் கொஞ்ச நீரை வெளியே விட்டுப் புது நீர் சேர்க்க வேண்டும். வந்த நீரைவிடத் தொட்டி நீர் எத்தனை மடங்கு செறிந்திருக்கலாம் என்பதுதான் சிக்கனத்தின் அளவுகோல். சிங்கப்பூரின் நீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகம் சாதாரணக் குழாய்நீருக்கு 7 மடங்கையும் மீட்டெடுத்த நீரான நியூவாட்டருக்கு 10 மடங்கையும் எட்டச் சொல்கிறது. கணக்குப் போட்டால், மூன்று மடங்கில் ஓடும் கோபுரம் ஆவியாவதில் பாதியளவு நீரைச் சாக்கடைக்கு அனுப்புகிறது. ஏழில் ஆறில் ஒரு பங்கு. பத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மூன்றிலிருந்து ஏழுக்கு ஏறினால் பெரிய லாபம். ஏழிலிருந்து பத்துக்கு ஏறினால் கிடைப்பது சிறு லாபம், ஆனால் நீரின் வேதியியல் முன்னைவிட வேகமாகக் கைமீறும். அந்தக் கடைசி மூன்று படிகளில்தான் நம் வாயுவின் கைவரிசை தெரியும்.

கரியமில வாயு நீரில் கரைந்தால் அதில் மிகச் சிறு பங்கு கார்பானிக் அமிலமாகிறது; அது பைகார்பனேட்டாகவும், காரம் மிகுந்தால் கார்பனேட்டாகவும் மாறும். இவை ஒன்று மற்றொன்றாகக் கணந்தோறும் மாறிக்கொண்டிருக்கும் ஒரே குடும்பம். காற்றில் இப்போது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல் கரியமில வாயு இருக்கிறது. அந்தக் காற்றோடு சமநிலைக்கு வந்த நீரில் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குச் சற்று மேலான வாயுதான் தங்கும். அதைவிட அதிகம் வைத்திருக்கும் நீர், காற்றைக் கண்டதும் மிகுதியை விட்டுவிடும். விட்டதும் பிஎச் ஏறும். ஏறியதும் பைகார்பனேட்டின் ஒரு பகுதி கார்பனேட்டாகும். அருகே கால்சியம் இருந்தால் இரண்டும் சேர்ந்து படியும். பத்துமலைக்குப் போனவர்கள் இதன் முடிவை அண்ணாந்து பார்த்திருப்பார்கள். மண்ணுக்குள் ஊறிய மழைநீர் வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சாக விட்ட கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கிறது. குகைக் கூரையில் சொட்டாகத் தொங்கும்போது வாயு பறந்துவிடுகிறது. கல் அங்கேயே நிற்கிறது. அந்தக் கல் விழுதுகள் வளர நீர் கொதிக்கவும் வேண்டாம், வற்றவும் வேண்டாம். வாயு போனாலே போதும். தமிழ்நாட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர் வெளியே வந்து சற்று நேரம் நின்றதும் குழாய் வாயில் வெள்ளை பூப்பதிலும் பாதிக் காரணம் இதுவே. குகை பல நூறு ஆண்டுகளில் செய்வதைக் கூலிங் டவரின் விசிறி சில வாரங்களில் செய்துவிடுகிறது. அதோடு, கால்சியம் கார்பனேட் சூட்டில் குறைவாகவே கரையும் விசித்திரப் பொருள். ஆகவே அது குளிர்ந்த தொட்டியை விட்டுவிட்டு, சில்லரின் கண்டென்சர் குழாயின் சூடான உட்சுவரைத் தேடிப் போய் ஒட்டுகிறது. தாமிரத்தோடு ஒப்பிட்டால் இந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. மெல்லிய பூச்சுக்கே மின்கட்டணம் ஏறிவிடும்.

இனி நியூவாட்டர். 2003 பிப்ரவரியில் அறிமுகமான இந்த மீட்டெடுத்த நீர், சுத்திகரித்த கழிவுநீராகத் தொடங்கி நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடு பரவல் எனப்படும் ஆர்ஓ, புறஊதா ஒளி ஆகிய மூன்று கட்டங்களைக் கடந்து வருகிறது. நாட்டின் தேவையில் 40 விழுக்காடுவரை இதனால் ஈடுசெய்ய முடியும். பெரும்பகுதி சிப் ஆலைகளுக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் கூலிங் டவர்களுக்கும் போகிறது. ஆர்ஓ சவ்வைப் பற்றி எல்லோரும் சொல்வது அது உப்பைத் தடுக்கும் என்பது. அதிகம் பேசப்படாதது, அது கரைந்த வாயுவைத் தடுக்காது என்பது. மின்னூட்டம் கொண்ட பைகார்பனேட் சவ்வில் முட்டி நிற்க, மின்னூட்டமில்லாத கரியமில வாயு எதுவும் நடக்காததுபோல் ஊடுருவிப் போகும். பாடநூல் மாறிலிகளைக் கொண்டு ஓர் எடுத்துக்காட்டு நீரைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். லிட்டருக்கு 122 மில்லிகிராம் பைகார்பனேட்டுடன் பிஎச் 7இல் உள்ள நீரில் சுமார் 20 மில்லிகிராம் கரியமில வாயு இருக்கும். சவ்வு பைகார்பனேட்டில் 98 விழுக்காட்டை நிறுத்துகிறது, வாயுவை அப்படியே விடுகிறது என்று வைத்துக்கொண்டால், மறுபுறம் வரும் நீரின் பிஎச் சுமார் 5.3. ஒரு துளி அமிலம் சேர்க்கவில்லை. வாயுவின் அளவும் மாறவில்லை. ஆனால் பிஎச் 1.7 இறங்கிவிட்டது. இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை என்று நினைக்கிறேன். பிஎச் வாயுவைக் காட்டும் எண் என்றால் அது அசைந்திருக்கக் கூடாது. அது வாயுவுக்கும் பைகார்பனேட் கையிருப்புக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே காட்டுகிறது. இரண்டில் எது மாறியது என்பதைச் சொல்லாது.

புளித்த இந்த நீரைச் சரிசெய்யக் கடைசியில் காரப்பொருள் சேர்க்கிறார்கள். சேர்த்த காரம் வாயுவைப் பைகார்பனேட்டாக மாற்றுகிறது. நம் எடுத்துக்காட்டில் பிஎச் 7.3க்கு வரும்வரை காரம் சேர்த்தால், சவ்வைத் தாண்டி வந்த வாயுவில் பத்தில் ஒன்பது பங்கு பைகார்பனேட்டாகிவிடும். லிட்டருக்கு இரண்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வாயுவாகவே மிஞ்சும். காற்றோடான சமநிலையைவிட இது கிட்டத்தட்ட நான்கு மடங்கு. இந்த நீர் கோபுரத்தில் சிதறும்போது மிகுதி பறக்கும், பிஎச் 7.9க்குப் போகும். பிறகு பத்து மடங்கு செறிந்தால் பைகார்பனேட் பத்து மடங்காகும், வாயுவோ காற்று அனுமதிக்கும் அளவிலேயே நிற்கும், பிஎச் 8.9. செறிவு பத்து மடங்கானால் பிஎச் ஒன்று ஏறும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். நியூவாட்டரில் கால்சியம் குறைவு என்பதால் படிவு பயம் அதிகமில்லை. பத்து மடங்கு எட்ட முடிவதற்கு அதுவே காரணம். ஆனால் வேறொரு பயம் முளைக்கிறது. சிங்கப்பூரில் 2001ஆம் ஆண்டின் பொதுச் சுகாதார ஒழுங்குமுறைகள் கூலிங் டவர்களில் முதன்மையாகக் கண்காணிப்பது லெஜியனெல்லா கிருமியை. சிதறும் நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவை உண்டாக்கக்கூடியது அது. குளோரினை நீரில் போட்டால் உண்மையில் கிருமியைக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.3இல் போட்ட குளோரினில் சுமார் 60 விழுக்காடு அந்த வடிவில் இருக்கும், 7.9இல் 28, 8.9இல் 4 மட்டுமே. மருந்துக் கணக்குப் புத்தகத்தில் அதே அளவு எழுதியிருக்கும், நீரில் வேலை செய்வதோ பதினைந்தில் ஒரு பங்கு. பலர் புரோமின் வகைக்கு மாறுவது இதனால்தான், 8.9இலும் அதில் மூன்றில் ஒரு பங்கு உயிரோடிருக்கும். ஒரு வாயு வெளியேறியதன் விளைவு படிவில் தொடங்கிக் கிருமி ஒழிப்புவரை நீள்கிறது.

இங்கே முதல் மறுப்பு எழும். கோபுரம் திறந்தது, நீர் காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும், பதில் முன்பே தெரிந்த ஒன்றை ஏன் அளப்பது? பாதி நியாயம் உண்டு. பல மணி நேரம் காற்றில் புரண்ட நீருக்கு இது பொருந்தும். ஆனால் கோபுரத்தின் நிரப்புத் தகடுகளில் வழியும் நீர் அங்கே இருப்பது சில விநாடிகள். வாயு முழுவதும் போவதற்குள் தொட்டிக்கு வந்துவிடுகிறது. அதனால் ஓடும் கோபுரங்களில் அளந்த பிஎச் பெரும்பாலும் சமநிலைக் கணக்கைவிடச் சற்றுக் கீழேயே நிற்கிறது. அந்த இடைவெளி எவ்வளவு என்பது விசிறியின் வேகம், அடைத்துப்போன தகடுகள், தகட்டில் படர்ந்து மூச்சுவிடும் உயிர்ப்படலம் ஆகியவற்றைப் பொறுத்தது. அமிலம் சேர்த்து ஓட்டும் கோபுரங்களில் இது இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். கந்தக அமிலம் விழுந்ததும் பைகார்பனேட் வாயுவாக மாறி பிஎச் சட்டென இறங்குகிறது. தானியங்கி டோசிங் பம்ப் நின்றுவிடுகிறது. அடுத்த சுற்றில் அந்த வாயு பறந்ததும் பிஎச் மீண்டும் ஏறுகிறது. பம்ப் மறுபடி ஓடுகிறது. கருவியை நம்பும் ஆபரேட்டர் எலெக்ட்ரோடைக் குறை சொல்வார். எலெக்ட்ரோடு உண்மையைத்தான் சொன்னது. கேட்ட கேள்விதான் சரியில்லை. மேலும், கோபுரத்துக்கு வரும் வழியிலுள்ள குழாயும் தொட்டியும் மூடியவை. மிகுதி வாயு சுமந்த, கால்சியம் குறைந்த நீர் அங்கே காற்றைக் காணாமல் உலோகத்தோடும் சிமெண்டோடும் பழகுகிறது. சுண்ணாம்புக்குப் பசித்த நீர் அது, கான்கிரீட்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது, நீர் வேதியியலாளர்கள் சொல்வது. பிஎச்-ஐயும் காரத்தன்மையையும் அளந்தால் கரியமில வாயுவைக் கணக்கிட்டே விடலாமே, தனிக் கருவி எதற்கு? இதற்கு நல்ல பரம்பரையும் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வில்ஃப்ரட் லாஞ்சலியர் 1936இல் பிஎச், கால்சியம், காரத்தன்மை, வெப்பநிலை, கரைந்த உப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஒரு குறியீட்டை உருவாக்கினார். நகரக் குடிநீர்க் குழாய்களின் உட்சுவரில் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சை வேண்டுமென்றே படியவைத்து இரும்பைக் காப்பது அவர் நோக்கம். இன்று அதே குறியீட்டைப் பூச்சு படியாமலிருக்கப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு விஷயம். கையிருப்பு நிறைந்த நீரில் அந்தக் கணக்கு நன்றாகவே உதவும். கையிருப்பு மெலிந்த நீரில் அது தடுமாறுகிறது. பிஎச் மடக்கை அளவு, 0.1 தவறினால் வாயுவின் கணக்கு கால்வாசி தவறும், 0.3 தவறினால் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். உப்புக் குறைந்த நீரில் கண்ணாடி எலெக்ட்ரோடு நிலைகொள்ளத் திணறும். அந்தளவு விலகல் அதற்குப் பழக்கமானதுதான். காரத்தன்மையும் கலப்படமில்லாத எண் அல்ல: பாஸ்பேட், சிலிக்கேட், அம்மோனியா, அரிப்புத்தடுப்பு மருந்துகள் எல்லாம் அதே தரம்பார்த்தலில் பைகார்பனேட்டின் வேஷத்தில் வந்து உட்காரும். நல்ல நீருக்குக் கணக்கு போதும். கணக்கு மிகவும் தேவைப்படும் நீரில்தான் அது காலை வாருகிறது.

மூன்றாவது, அரிப்பைப் படித்தவர்களின் மறுப்பு: திறந்த கோபுரத்தில் இரும்பைத் தின்பது ஆக்சிஜன், கரியமில வாயு அல்ல. இது உண்மை, மறுக்கப் போவதில்லை. காற்றில் நனைந்த நீரில் ஆக்சிஜன் லிட்டருக்கு ஏழெட்டு மில்லிகிராம் இருக்கும்; கரியமில வாயு அரை மில்லிகிராம். ஆனால் ஆக்சிஜன் எந்த வேகத்தில் இரும்பை எட்டும் என்பதை இடையிலுள்ள படலம் தீர்மானிக்கிறது. கார்பனேட் படலம் நிற்குமா கரையுமா என்பதை வாயு தீர்மானிக்கிறது. பிஎச் ஒன்றை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு எண்ணெய்த் தொழிலிலிருந்து இன்னொரு சான்றும் உண்டு. ஷெல்லின் ஆம்ஸ்டர்டாம் ஆய்வகத்தைச் சேர்ந்த டி வார்டும் மில்லியம்ஸும் 1975இல் வெளியிட்ட ஆய்வும் அதைத் தொடர்ந்த பணிகளும் எஃகு மீது கார்பானிக் அமிலத்தின் தாக்குதலை அளவிட்டன. ஒரே பிஎச்-இல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைவிடக் கரியமில வாயு கரைந்த நீர் எஃகை அதிகமாக அரிக்கிறது என்பது இப்போது அரிப்பியலின் பாலபாடம். வலிய அமிலம் தன் ஹைட்ரஜன் அயனிகள் அனைத்தையும் முன்பே காட்டிவிடுகிறது. கார்பானிக் அமிலம் பெரும்பகுதியைப் பதுக்கி வைத்துச் செலவாகச் செலவாக எடுத்துக் கொடுக்கிறது. எலெக்ட்ரோடு காண்பது வெளியே தெரியும் பங்கை மட்டும். எண்ணெய்க் குழாயில் இருக்கும் அழுத்தம் மொட்டைமாடியில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள வேகத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது, தத்துவம் மட்டும் மாறாது.

கோபுரத்தை விட்டுக் கட்டடத்துக்குள் வந்தால் வாதம் இன்னும் இறுகுகிறது. ஏசி அறைகளுக்குக் குளிர்ச்சியைக் கொண்டுபோகும் சில்டு வாட்டர் மூடிய சுற்று. ஒருமுறை நிரப்பினால் ஆண்டுக்கணக்கில் அதே நீர். மரினா பேயில் 2006 முதல் இயங்கிவரும் நிலத்தடி வட்டாரக் குளிரூட்டு அமைப்பு இதன் பெரிய வடிவம்: ஒரு மையத்தில் குளிர்ந்த நீர் தெருக்களுக்கு அடியில் பல கட்டடங்களுக்குப் போய்த் திரும்புகிறது. இத்தகைய சுற்றுகளில் அரிப்பைத் தடுக்கப் பரவலாகப் போடப்படுவது நைட்ரைட், அதோடு பிஎச்-ஐ நிலைநிறுத்த போரேட். நைட்ரைட்டும், சில சுற்றுகளில் உறையாமலிருக்கச் சேர்க்கும் கிளைக்காலும் சில பாக்டீரியாக்களுக்கு நல்ல தீனி. அவை தின்று மூச்சுவிட்டால் கரியமில வாயு பிறக்கும். போரேட் அங்கே இருப்பதே பிஎச் அசையாமலிருக்கத்தான். ஆக, நோய் தொடங்கி மாதக்கணக்காகியும் பிஎச் அசையாது. போரேட் களைத்துப்போன பிறகு ஒருநாள் சரியும், அதற்குள் குழாய் வளைவுகளில் உயிர்ப்படலம் குடியேறியிருக்கும். பிஎச் 9ஐ ஒட்டிய நீரில் பிறந்த வாயு உடனே பைகார்பனேட்டாக மாறிவிடும் என்பதால், அங்கே கரைந்த வாயுவை மட்டும் அளந்தாலும் ஏமாறுவோம். மாதிரியில் அமிலம் விட்டு, எல்லா வடிவங்களையும் வாயுவாக வெளியேற்றி, மொத்தக் கனிமக் கார்பனை அளக்க வேண்டும். அது மாதாமாதம் ஏறினால் சுற்றுக்குள் ஏதோ உயிர் வாழ்கிறது, அல்லது எங்கோ வெளிநீரோ காற்றோ புகுகிறது என்று பொருள்.

மிகத் தூய நீரில் இந்த வாயு தன்னை மறைத்துக்கொள்ளவே முடியாது. கலப்பில்லாத நீரின் மின்கடத்துதிறன் 25 டிகிரியில் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ், அதே நீர் அறைக் காற்றைக் கண்டு சமநிலைக்கு வந்தால் சுமார் 1. வேறு எந்த உப்பும் சேராமல் பதினெட்டு மடங்கு. 500 மெகாவாட் வகைப் பெரிய ஜெனரேட்டர்கள் பலவற்றில் ஸ்டேட்டரின் உள்ளீடற்ற தாமிரக் கம்பிகளுக்குள் இத்தகைய தூய நீர் ஓடுகிறது. அங்கே காற்று கசிந்தால் ஆக்சிஜன் தாமிரத்தை ஆக்சைடாக்குகிறது. கரியமில வாயு நீரைப் புளிக்கவைத்து அந்த ஆக்சைடைக் கரைக்கிறது. கரைந்தது வேறிடத்தில் படிந்து கம்பியின் நுண்துளையை அடைக்கிறது. நீராவி மின்நிலையங்களில் மின்கடத்துதிறன் ஏறியதும் வரும் முதல் சந்தேகம், இது கடல்நீர்க் கசிவா, வெறும் கரியமில வாயுவா என்பது. முதலாவது என்றால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிவரும். இரண்டாவது என்றால் காத்திருக்கலாம். இரண்டையும் பிரித்தறிய மாதிரி நீரிலிருந்து வாயுவை வெளியேற்றிவிட்டு மறுபடி அளக்கிறார்கள். உட்லண்ட்ஸ், பாசிர் ரிஸ் போன்ற இடங்களில் சிப் ஆலைகள் பயன்படுத்தும் அதிதூய நீரின் கதையில் வேடிக்கையான திருப்பம் ஒன்று உண்டு. கரிமப் பொருளை அளக்கும் கருவி, அதைப் புறஊதா ஒளியால் எரித்து, பிறக்கும் கரியமில வாயுவால் மின்கடத்துதிறன் எவ்வளவு ஏறியது என்றுதான் பார்க்கிறது. மறுபக்கம், அதிதூய நீர் மின்சாரத்தைக் கடத்தாததால் சிலிக்கன் தகட்டைக் கழுவும்போதும் அறுக்கும்போதும் நிலைமின்னேற்றம் சேர்ந்து நுண்சுற்றைப் பொசுக்கிவிடும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்கச் சிப் தொழிலில் கரியமில வாயுவை வேண்டுமென்றே அந்த நீரில் கரைப்பது வழக்கம். ஒரு குழாயில் விரட்டுகிறார்கள், பக்கத்துக் குழாயில் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் அளவு தெரிய வேண்டும்.

அளப்பது எப்படி என்பதில் புதுமை அதிகமில்லை. சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச்சொட்டாக விட்டு ஃபினால்ஃப்தலீன் இளஞ்சிவப்பாகும்வரை எண்ணும் பழைய முறை பள்ளி ஆய்வுக்கூடத்துக்கே எட்டக்கூடியது. தொடர்ந்து அளக்க இன்று பயன்படும் எலெக்ட்ரோடு மருத்துவமனையிலிருந்து வந்தது: ரிச்சர்ட் ஸ்டோ 1954இல் முன்வைத்த எண்ணத்தை மயக்கமருந்து நிபுணர் ஜான் செவரிங்ஹாஸ் 1958 வாக்கில் ரத்தத்தின் கரியமில வாயுவை அளக்கும் கருவியாக்கினார். வாயுவை மட்டும் விடும் மெல்லிய சவ்வு, அதன் பின்னே ஒரு துளி பைகார்பனேட் கரைசல், அதற்குள் பிஎச் எலெக்ட்ரோடு. இங்கே கையிருப்பின் அளவை நாமே நிர்ணயித்து வைத்திருக்கிறோம். ஆகவே பிஎச் இந்தத் துளிக்குள் வாயுவை மட்டுமே காட்டும். வெளிநீரில் அது செய்ய முடியாததைச் செய்யவைக்கும் சமயோசிதம் இது. சவ்வின் வழியே வரும் வாயுவை அகச்சிவப்பு ஒளி உறிஞ்சலால் அளப்பவை, தூய நீருக்குள் கடத்தி மின்கடத்துதிறனைப் பார்ப்பவை என்று வேறு வகைகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் பொது எதிரி சவ்வின் மேல் படரும் உயிர்ப்படலமும் குமிழிகளும்.

செலவு என்ற மறுப்பைக் கடைசியில் வைத்தேன். அது கிட்டத்தட்ட சரியானது என்பதால். லிட்டில் இந்தியாவின் தேக்காவைச் சுற்றியுள்ள கடைவீடுகளில் ஏசி சூட்டைக் காற்றுக்கே விடுகிறது. அங்கே அளக்க நீரே கிடையாது. நடுத்தரக் கட்டடத்தின் ஒற்றைக் கோபுரத்துக்குத் தொடர் அளவி வாங்கச் சொல்வது வீண். ஆனால் செலவுக் கணக்கின் மறுபக்கம் மாறிவருகிறது. 2019இல் டன்னுக்கு 5 சிங்கப்பூர் வெள்ளியாகத் தொடங்கிய கார்பன் வரி 2024இல் 25 வெள்ளியானது, 2026க்கு 45 என்று அறிவிக்கப்பட்டது. குழாய்ப் படிவால் வீணாகும் மின்சாரத்துக்கும் அந்த விலை ஏதோ ஒரு வழியில் ஏறும். துவாஸில் பொதுப் பயனீட்டுக் கழகம் ஈக்வாட்டிக் நிறுவனத்தோடு சேர்ந்து, கடல்நீரை மின்னாற்பகுத்துக் கரியமில வாயுவைக் கார்பனேட்டாகவும் பைகார்பனேட்டாகவும் பூட்டும் சோதனையை 2023இல் நாளுக்கு 100 கிலோ அளவில் தொடங்கியது. நாளுக்கு 10 டன் ஆலை 2024இல் அறிவிக்கப்பட்டது. அந்த முயற்சி வெல்லுமா என்பது தனி விவாதம். நீரில் கரைந்த கார்பனைக் கருவி வைத்து அளக்காமல் அங்கே ஒரு டன்னுக்கும் பணம் பெயராது. சென்னையிலும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை ஆர்ஓ வழியே மீட்டு, மணலி, எண்ணூர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். சவ்வின் வழியே வாயு அங்கேயும் அப்படியேதான் நழுவும். உப்பு நிறைந்த ஆழ்துளைக் கிணற்று நீருக்குப் பழகிய ஆலை ஆபரேட்டர், கையிருப்பு மெலிந்த இந்த நீரைப் பழைய பிஎச் எல்லைகளை வைத்தே ஓட்டினால் கோபுரம் முன்பு போல் நடந்துகொள்ளாது.

ஆகவே கருவியை எங்கே வைப்பது என்பதில் கறாராக இருக்கலாம். தொடர் அளவி கோபுரத் தொட்டியில் வேண்டாம். அங்கே காற்று நம் வேலையைப் பாதி செய்துவிடுகிறது. மீட்டெடுத்த நீர் வளாகத்துக்குள் நுழையும் குழாயில் ஒன்று, கோபுரத்துக்கு முன்பாக. ஜெனரேட்டர் குளிர்நீர் போன்ற தூய நீர்ச் சுற்றுகளில் ஒன்று. பெரிய வட்டாரக் குளிரூட்டுச் சுற்றுகளுக்கு மாதம் ஒருமுறை மொத்தக் கனிமக் கார்பன். சிறிய கட்டடங்களுக்கு மாதச் சேவைக்கு வருபவர் செய்யும் தரம்பார்த்தல் போதும், ஒரு நிபந்தனையோடு: அதை மொட்டைமாடியிலேயே செய்ய வேண்டும். புட்டியை நீருக்குள் அமிழ்த்தி, விளிம்புவரை நிரப்பி, நீருக்குள்ளேயே மூட வேண்டும். மூடியைத் திறந்தபடி கீழே அலுவலகத்துக்குக் கொண்டுபோனால் எண் மாறிவிடும்: ஆட்கள் நிறைந்த ஏசி அறையின் காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 1000 பங்கு இருப்பது சாதாரணம். கையிருப்பு மெலிந்த நீர் அதை வாங்கிக்கொள்ளும், பிஎச் 0.4வரை இறங்கும். பிறகு பதிவேட்டில் ஏறுவது கோபுரத்தின் எண்ணாக இருக்காது, அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களின் மூச்சாக இருக்கும்.